மிசிசிப்பிக் கரையில் தங்கச்சி

கல்லறையை இடம் மாற்றுமுன் உறவினருக்கு எழுத்துமூலம் அறிவிக்க வேண்டும் என்பது விதி. இன்று இங்கே மெல்பேர்ணில் வெரிபீ ஆற்றோரச் சேற்றின் மணம் என்னை, அப்பா படிக்கப் போயிருந்த மிசிசிப்பிக் கரை நகரத்தின் இடுகாட்டுக்கு இழுத்துப்போனது. பச்சைக் குழந்தையை எரிக்கும் வழக்கம் எங்களிடம் இல்லாததால் தங்கச்சியை அங்கே புதைத்திருந்தோம், ஞாயிறுதோறும் சரக்குப் படகுகள் ஊத, சேறு சப்பாத்தை இழுக்க, அம்மா புல்லில் பால் ஊற்றுவார். நாங்கள் மெல்பேர்ண் வந்தபின் வெள்ள அணைக்காக இடுகாட்டைத் தோண்டினார்கள். அறிவித்தல், அதே அணைக்காக அவர்களே இடித்த எங்கள் வாடகை வீட்டுக்குப் போனது.

தங்கச்சியை எங்கே மாற்றினார்கள் என்று கேட்டு, போன வருடம் அந்த நகரசபைக்கு எழுதினேன்.

“பிள்ளையின்ர பேர் கேக்கிறாங்கள், அம்மா.”

“முப்பத்தொண்டாம் நாள் பேர் வைக்க முன்னமே போன பிள்ளைக்குப் பேர் எங்காலை? தாயெண்டு என்ர பேரைப் போடு.”

போட்டேன். தாயார் கையெழுத்திட்டால் புதிய இடத்தைத் தெரிவிக்கலாம் என்ற பதில், அம்மாவை எரித்த மறுநாள் வந்தது.