மாதையன் அடித்த கற்பூரம்

மாதையனைச் சத்தியம் தவறியவன் என்று சொல்கிற ஆள், யாராக இருந்தாலும், என் ஜீப்பில் ஏற வேண்டாம். எங்கள் ஊர் செம்மநத்தத்துக்கு நடந்தே போகட்டும். ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் கேட்கத்தான் இதைச் சொன்னேன். சிலருக்கு என்மேல் வருத்தம். இருந்துவிட்டுப் போகட்டும்.

அவன் எங்கள் ஊர்க்காரன். அப்பன் விட்டுப்போன காட்டில் கொஞ்சம் ராகி, ரெண்டு மூணு பலா, காப்பிச் செடி. மிளகு சீசனில் எஸ்டேட்டுக்கு மிளகு பறிக்கப் போவான். சில்வர் ஓக் மரத்தில் ஒற்றை மூங்கில் ஏணியைச் சாய்த்து ஏறுகிற வேலை அது. அதிகம் பேசமாட்டான். அடுத்தவன் பொருளைக் கேட்காமல் தொடமாட்டான். காலையில் மகள் ஜீவாவுக்குத் தலை பின்னிவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவான். நாங்கள் கேலி பண்ணாத நாள் கிடையாது. அவன் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டே பின்னுவான்.

ஒரு தை மாதத்துக் காலையில் பனி ஈரத்தில் மூங்கில் வழுக்கி விழுந்தான். நெற்றி பாறையில் மோதியது. சேலத்துக்கு என் ஜீப்பில்தான் கொண்டுபோனோம். பிழைக்கமாட்டான் என்றார்கள். ஆபரேஷன் பண்ணினார்கள், பிழைத்துவிட்டான். வந்த பிறகு அவன் பெயர், ஊர், நாள், கிழமை, மிளகு விலை, எது கேட்டாலும் டக்கென்று சொன்னான். எல்லாம் சரியாகிவிட்டது என்று ஊரே நம்பியது. அவன் நன்றாகப் பேசினானே, அதுதான் எங்கள் எல்லோரையும் ஏமாற்றியது.

சோற்றுப் பாத்திரம் கண்ணில் தெரிகிறவரைக்கும் சாப்பிட்டான். இழவு வீட்டில் தாலி அறுத்தவளிடம் போய், ஆட்டுக்குட்டி விற்பனைக்கு உண்டா என்று சிரித்துக்கொண்டே கேட்டான். கடையில் மிட்டாய் பாட்டிலைப் பார்த்தால் கை உள்ளே போய்விடும். காப்பிப் பழம் எடுக்கப் போன இடத்தில், "பச்சையத் தொடாதீங்க, செவப்பு மட்டும் எடுங்க" என்று பொம்பளைகளுக்குச் சொல்லிக்கொண்டே, இவன் கிளையோடு பச்சைக் காயையும் சேர்த்து உருவினான். எஸ்டேட் ரைட்டர் திட்டி அனுப்பிவிட்டார். பைக் சாவியைப் பார்த்தால் போதும், எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான். போக ஒரு இடமும் இருக்காது. ஒருமுறை மஞ்சக்குட்டை ரோட்டில் வேலிக்குள் விட்டு, முள் குத்திய முகத்தோடு சிரித்துக்கொண்டு நின்றான்.

அடிபட்டதைச் சாக்கு வைத்துக்கொண்டு திமிர் பண்ணுகிறான் என்றது ஊர். ஜீவாவைப் பள்ளிக்கூடத்தில் திருடன் மகள் என்றார்கள். அந்தப் பிள்ளை அப்பனிடம் தலை கொடுப்பதையே விட்டுவிட்டது. அவன் மனைவி மேகலா ஒருநாள் ஜீப்பை மறித்து நின்றாள். "ஏனுங்கண்ணா, இவரு கெட்டவரா, நோவாளியா? அத மட்டும் யாராச்சும் சொல்லிட்டாப் போதுங்க. எம் புள்ள அப்பன வெறுக்காம இருக்கோணும்" என்றாள். அதற்குமேல் அவளுக்கு வேறு ஆசையே இல்லை.

சேலம் ஆஸ்பத்திரியில் மூளைச் சோதனை பண்ணுகிற சசிகலா என்கிற அம்மாவிடம் அனுப்பினார்கள். டாக்டரம்மா சொல்வது தனக்கு ஞாபகம் நிற்காது என்று மேகலா என்னையும் உள்ளே கூப்பிட்டுக்கொண்டாள். முதலில் பல நிறத்தில் பல உருவம் போட்ட சீட்டுகளைக் கொடுத்து இனம் பிரிக்கச் சொன்னார். மாதையன் நிறம் பார்த்து அழகாகப் பிரித்தான். பாதியில் அந்த அம்மா, இப்படி இல்லை, வேறு மாதிரி என்றார். "அப்ப உருவம் பாத்து வெக்கோணுங்க" என்று வாயால் சரியாகச் சொன்னான். கை மட்டும் நிறத்தைப் பார்த்தே வைத்துக்கொண்டு போனது. தப்பு, தப்பு என்று அவர் சொல்லச் சொல்ல, ஆமாங்க தப்புங்க என்று ஒத்துக்கொண்டு அதையேதான் செய்தான்.

பிறகு அவர் ஒன்றும் பேசாமல் மேஜையில் ஒரு சீப்பு, ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு மூக்குக்கண்ணாடி வைத்தார். இவன் தலை வாரினான், தண்ணீரைக் குடித்தான், கண்ணாடியை மாட்டிக்கொண்டான். இன்னொரு கண்ணாடி வைத்தார். அதையும் எடுத்து முதல் கண்ணாடிக்கு மேலேயே மாட்டினான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேகலா முகத்தைப் பார்த்ததும் அடங்கிப்போனேன். இனி எதையும் தொடக்கூடாது என்றார் அந்த அம்மா. "தொடமாட்டனுங்க" என்றான். சொல்லி முடிப்பதற்குள் சீப்பு அவன் கையில் இருந்தது.

சசிகலா எங்களுக்கு நிதானமாகவே விளக்கினார். நெற்றிக்குப் பின்னால் மூளையின் முன்பக்கம் நசுங்கிவிட்டது. படிப்பு, ஞாபகம், பேச்சு எல்லாம் அப்படியே இருக்கும். செய்யாதே என்று நம்மை நாமே பிடித்து நிறுத்துகிற இடம்தான் போய்விட்டது. இனி அது பெரிதாகத் திரும்பாது. மேகலா தன் கேள்வியைக் கேட்டாள்.

"அவர் பொய் சொல்லலம்மா. சொல்றப்ப மனசாரத்தான் சொல்றார். ஆனா அந்தச் சொல்லு அவர் கையைப் பிடிச்சு நிறுத்தாது. ஆபத்தான எதையும் கண்ணுல படாம வைங்க. அவர்கிட்ட வாக்கு மட்டும் வாங்காதீங்க."

மலை ஏறும்போது வழி நெடுக மேகலா அழுதாள். துக்கம் பாதி, நிம்மதி பாதி. வீட்டுக்குப் போனதும் அரிவாள், தீப்பெட்டி, பாத்திரம் எல்லாவற்றையும் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினாள். பைக் சாவி அவள் முந்தானையில் ஏறியது. குடி போன வீடு மாதிரி வெறுமையாகக் கிடந்தது அந்த வீடு. ஆனால் வம்பு ஓய்ந்தது. ஜீவாகூட மறுபடி அப்பன் முன்னால் தலையைக் காட்டி உட்கார ஆரம்பித்தாள்.

இது பொறுக்கவில்லை மாதையனின் அண்ணன் சிவக்குமாருக்கு. நல்ல மனுஷன்தான், ஊர் மரியாதைக்குச் செத்துப்போவான். கட்டின புருஷனைப் பெண்டாட்டி பூட்டி வைத்து நடத்துகிறாள் என்று பேச்சு வருவது அவனுக்கு அவமானம். எங்கள் ஊரில் வாய்க்கால் தகராறு, வரப்புத் தகராறு எதுவானாலும் மாரியம்மன் கோயிலில் கற்பூரம் அடித்தால் தீர்ந்தது. எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் பண்ணிவிட்டால், அப்புறம் அவனைச் சந்தேகப்படக்கூடாது. பட்டால் ஆத்தாளையே சந்தேகப்பட்ட மாதிரி. தம்பியும் கற்பூரம் அடிக்கட்டும், பைக்கைத் தொடமாட்டேன், அடுத்தவன் பொருளை எடுக்கமாட்டேன் என்று சொல்லட்டும், எல்லாம் சரியாகும் என்றான் சிவக்குமார். வாக்கு வாங்கக்கூடாது என்று டாக்டரம்மா சொன்னதை மேகலா கெஞ்சிக் கெஞ்சிச் சொன்னாள். நானும் சொன்னேன். ஆத்தாளைவிட உங்க டாக்டர் பெரிய ஆளா என்று கேட்டான். ஜீப் ஓட்டுகிறவன் பேச்சு அங்கே எடுபடுமா?

ஒரு வெள்ளிக்கிழமை ஊர் கூடியது. பூசாரி தட்டில் கற்பூரம் ஏற்றினார். இன்னும் சத்தியத்தின் வாசகத்தை யாரும் சொல்லவே இல்லை, மாதையன் கை போய்க் கற்பூரத்தை அடித்துவிட்டது. கூட்டம் அப்படியே சிலிர்த்தது. எவ்வளவு சுத்தமான மனசு பார், சொல்வதற்கு முன்னாலேயே அடிக்கிறான் என்றார்கள். பூசாரி மறுபடி ஏற்றினார். மறுபடியும் அடித்தான். பிறகு சொல்லிக்கொடுத்ததைத் திருத்தமாகச் சொன்னான். பெண்கள் குலவை போட்டார்கள். மேகலா மட்டும் கோயில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சீப்பை எடுத்த அதே கைதான் இது என்று அந்தக் கூட்டத்தில் அவளுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரிந்தது.

சிவக்குமார் நேராக வீட்டுக்கு வந்து, எல்லோர் முன்னாலும் சாவியைக் கேட்டு வாங்கி வாசல் ஆணியில் மாட்டினான். "சத்தியம் பண்ணுன ஊட்டுல சாவிய ஒளிச்சு வெச்சா ஆத்தாளுக்கு அவமானம்" என்றான். வீட்டுக்குள்ளாவது மாட்டிக்கொள்கிறேன் மாமா என்று கேட்டாள் மேகலா. அதற்கும் விடவில்லை.

திங்கட்கிழமை காலை குழாயடியில் குடம் நிறைந்துகொண்டிருந்தபோது மேகலாவுக்கு பைக் சத்தம் கேட்டது. குடத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். இறக்கத்து வளைவில் பஸ் ஏறி வந்துகொண்டிருந்தது. மாதையன் விடாமல் ஹாரன் அடித்தானாம், அதைச் சரியாகத்தான் செய்தானாம். வளைக்கத்தான் இல்லை. பஸ் டிரைவர் என் சிநேகிதன், அவன் இன்னும் அதைச் சொல்லி அழுகிறான்.

மறுநாள் பிரேதம் வந்தது. ஊர் முகப்பில் பாடை தூக்கும்போது பெரியவர்கள் மறித்தார்கள். சத்தியம் மீறியவனை ஆத்தாள் எடுத்துக்கொண்டாள், அவன் பிரேதம் கோயில் வீதியில் போகக்கூடாது, காட்டு வழியாகக் கொண்டுபோங்கள் என்றார்கள். சிவக்குமார் தேம்பித் தேம்பி அழுதுகொண்டே அதற்குத் தலையாட்டினான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். நாலு பேர் என்னை இழுத்தார்கள்.

அந்தச் சத்தத்தில் ஜீவா அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தாள். "ஏம்மா, அப்பா சத்தியத்த மீறிட்டாரா?"

மேகலா அழுகையை நிறுத்தினாள். குனிந்து பிள்ளை முகத்தைப் பிடித்தாள். ஆனால் ஊருக்கே கேட்கும்படிதான் சொன்னாள்.

"இல்ல கண்ணு. சத்தியத்த மீறோணும்னாலும் அதுக்கு மண்டை நல்லா இருக்கோணும். உங்கப்பனுக்கு அது இல்ல. இல்லாத மனுசங்கிட்டத்தான் இவிய கேட்டு வாங்குனாங்க."

 சிவக்குமார் நிமிரவே இல்லை. ஆனாலும் பாடை காட்டு வழியாகத்தான் போனது.