தேய்க்காத முதுகு

கும்டெரி என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் ஆம்பளை முதுகில் தண்ணீர் படக்கூடாது. சுரங்கத்திலிருந்து வந்தவன் அடுப்பு முன்னால் தகரத் தொட்டியில் உட்கார்ந்து உடம்பெல்லாம் தேய்த்துக் குளிப்பான். முதுகை மட்டும் கரியோடு விட்டுவிடுவான். கழுவினால் முதுகெலும்பின் பலம் போய்விடுமாம். ஊரே நம்பியது. ஆல்வென் நம்பவில்லை.

தன் தம்பி கல்யாணத்துக்கு முந்தின நாள் கணவன் இட்ரிஸைப் பிடித்துக்கொண்டாள்.

"புதுச் சட்டையக் கரியாக்கிட்டு வந்தா யாரு துவைக்கிறது, உங்க மேனேஜரா? குனி, சொல்றேன்."

"அடிப்பாவி, நாளைக்கு மேல கல்லு விழுந்தா யாரு தாங்குறது?" சிரித்துக்கொண்டே குனிந்தான். முதுகு வெளுக்கும்வரை அவள் தேய்த்துக் கழுவினாள்.

கல்யாணம் முடிந்த திங்கட்கிழமை சுரங்கத்தின் கூரை இடிந்தது. இட்ரிஸைப் பலகையில் வைத்துத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பிணத்தைக் கழுவ வந்த பெண்கள் அவனைத் திருப்பியபோது, அந்த வெள்ளை முதுகைக் கண்டு ஒருத்தி இன்னொருத்தியைப் பார்த்தாள். ஆல்வெனுக்கு ஆயுள் முழுக்க அந்தப் பார்வை போதுமாக இருந்தது.

அன்றிலிருந்து தினமும் ஷிப்ட் முடிகிற நேரத்தில் வாசலில் அவன் பூட்ஸ் சத்தம் கேட்டது.

மகன் எம்லினும் வளர்ந்து சுரங்கத்துக்குப் போனான். அவன் முதுகை அவள் விரல் நுனியாலும் தொடவில்லை. பிறகு சுரங்கத்திலேயே குளியலறை கட்டி, ஆண்கள் ஒருவர் முதுகை ஒருவர் தேய்த்துவிட்ட காலத்திலும், அம்மாவுக்குப் பயந்து எம்லின் முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றான். கூட்டாளிகள் கேலி செய்து தீர்த்தார்கள். அவன் உயிரோடு வீடு திரும்புவது அதனால்தான் என்று ஆல்வென் முடிவு கட்டிவிட்டாள்.

சுரங்கத்தை மூடினார்கள். கரிமேட்டில் புல் முளைத்து ஆடு மேய்ந்தது. பூட்ஸ் சத்தம் நிற்கவில்லை.

நுரையீரலில் தூசி அடைத்து எம்லின் படுக்கையில் விழுந்தான்.

"அம்மா, முதுகு எரியுது. ஈரத்துணியால துடைச்சு விடேன்."

"வேண்டாம்டா. உங்கப்பாவ நான்தான் கொன்னேன்." அதை அவள் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"கிறுக்கா உனக்கு? சுரங்கமே இல்ல, இனிமே என் மேல விழ என்ன இருக்கு?" இருமி முடித்தான். "தொடும்மா."

ஈரத்துணியை எடுத்துக்கொண்டு வந்து அவன் சட்டையைத் தூக்கினாள். கழுத்திலிருந்து இடுப்புவரை நீலநீலமாகக் கோடுகள். கரி ஒட்டியிருக்கிறது என்று அழுத்தித் தேய்த்தாள். போகவில்லை.

"அதெல்லாம் தழும்பும்மா. காயத்துக்குள்ள கரி போயி, மேல தோலு மூடிக்கிச்சு."

"இத்தனையா?"

"கல்லு அப்பப்ப விழத்தானே செய்யும்? நீ பயப்படுவேன்னு சொல்லல."

அவள் காத்ததாக நினைத்த முதுகு அது. ஒரு கல்லைக்கூட அவள் தடுத்திருக்கவில்லை. பிள்ளையைத் தொடாமல் இருந்ததுதான் மிச்சம். அந்தத் தழும்புகளின் மேல் முகத்தை வைத்து ஆல்வென் ஓவென்று அழுதாள்.