மூடி கழற்றாத நுணுக்குக்காட்டி

பள்ளிக்கூடத்தின் புதிய விஞ்ஞானகூடத் திறப்புவிழாவுக்கு என்னை அழைத்திருந்தார்கள். கண்ணுக்குத் தெரியாததைப் பெரிதாக்கிக் காட்டும் நுணுக்குக்காட்டி இருந்த அலுமாரியைத் திறந்ததும் நப்தலீன் உருண்டை நாற்றம் அடித்தது.

நான் ஒன்பதாம் வகுப்புப் படித்தபோது இதே தீவுப் பள்ளிக்கூடத்தில் எங்கள் நுணுக்குக்காட்டியும் இப்படித்தான் பூட்டிக்கிடந்து நாறியது. "தொட்டால் உடைச்சுப்போடுவியள்" என்பார் அப்போதைய அதிபர். கல்வி அதிகாரி வந்த அன்று மட்டும் அதை வெளியே எடுத்து, படம்பிடிக்க என்னைக் குனியவைத்தார். பார்க்கும் குழாயின் மூடியை யாரும் கழற்றவில்லை. ஒரே இருட்டு.

"என்ன தெரியுது, பிள்ளை?" என்றார் அதிகாரி.

"வெங்காயத் தோலின் கலங்கள், சேர்." அதிபர் சொல்லித்தந்த பதில். எல்லோரும் கைதட்டினார்கள்.

இன்றும் படத்துக்காக ஒரு சிறுமி நுணுக்குக்காட்டியில் குனிந்து நின்றாள்.

"என்ன தெரியுது, பிள்ளை?" என்றேன்.

அவள் நிமிர்ந்து புதிய அதிபரின் முகத்தைப் பார்த்தாள்.

குழாயில் இன்னும் கிடந்த மூடியைக் கழற்றி அதிபரின் கையில் வைத்தேன்.

"இதை நீங்களே வைச்சிருங்கோ."