ரடிசாவின் கழுத்தும் என் வேன் ஜன்னலும்

எங்கள் லெஸ்கோவாட்ஸ் ஊரில் என் வேனில் ஏறுகிறவர்கள் ஒன்பது வருடமாக முதலில் செய்வது ஜன்னலை ஏற்றிவிடுவதுதான். அப்புறம் என்னை ஒரு பார்வை பார்ப்பார்கள். ரடிசாவின் கழுத்தைக் கெடுத்தவன் நான் என்பது ஊர்த் தீர்ப்பு. என் ஜன்னல் காற்று அடித்துவிட்டதாம்.

ரடிசாவ் கூரைக்கு ஓடு வேய்கிறவன். ஜனவரிக் குளிரில் தொப்பிகூட இல்லாமல் உச்சியில் நின்று பாடுவான். அங்கே அடிக்காத காற்று வேனுக்குள் ஜன்னலின் விரலளவு இடுக்கில் வந்து அடிக்குமாம். பல்வலியிலிருந்து மலடு வரை எங்கள் ஊரில் எல்லாவற்றுக்கும் இடுக்குக்காற்றுதான் எமன்.

நடந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். முடிவெட்டும் ஜிவோட்டா, ரடிசாவ் மனைவியின் தம்பி. அன்றைக்கு வெட்டி முடித்து, ரடிசாவின் தலையை இரண்டு கையாலும் பிடித்து இடதுபக்கம் வெடுக்கென்று திருப்பினான். காய்ந்த சுள்ளி ஒடிந்த சத்தம்.

"பத்து வயசு கொறஞ்சிருச்சு மாப்ள!" என்று எழுந்தான் ரடிசாவ். என் வேனில் ஏறும்போதே கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் இடது இமை தொங்கியது. மனைவி தேசாங்கா பழச்சாராயம் தேய்த்துக் கம்பளி சுற்றியிருந்தாள்.

"காத்து அடிச்சிருக்குண்ணே. உங்க ஜன்னல்தான்."

"காத்துமில்ல கீத்துமில்ல. உன் தம்பி முறுக்குன முறுக்கு. ஆஸ்பத்திரிக்குக் கெளப்பு."

"அவன் இருவது வருசமா முறுக்குறான். எவனாவது செத்தானா?"

மூன்றாம் நாள் ரடிசாவின் வலது கையிலிருந்து கரண்டி விழுந்தது. பேச்சு குழறியது. அப்போதும் ஜன்னலை ஏற்றச் சொல்லிவிட்டுத்தான் அவள் வண்டியில் ஏறினாள்.

நீஷ் நகரத்து டாக்டரம்மா படத்தைக் காட்டினார். மூளைக்குப் போகும் கழுத்து ரத்தக்குழாயின் உள்தோல் கிழிந்து, ரத்தம் சுவருக்குள் புகுந்து வழியை நெரித்துவிட்டது. மருந்து மட்டும் போதவில்லை. தொடையில் துளையிட்டுக் கம்பியை மேலே ஏற்றி, கிழிந்த இடத்தில் ஸ்டென்ட் என்கிற வலைக்குழலை விரித்து, தோலைச் சுவரோடு அழுத்தினார்கள். பத்தே நாளில் என்னைத் திட்டும் அளவுக்குப் பேச்சு திரும்பிவிட்டது.

"மாத்திரைய நிறுத்தாதீங்க. இனிமே கழுத்துல ஒருத்தரும் கை வைக்கக் கூடாது. இன்னொரு தடவ கிழிஞ்சா நான் பொறுப்பில்ல" என்றார் டாக்டரம்மா. ரடிசாவ் பெரிய புத்திசாலி மாதிரி தலையாட்டினான்.

ஊருக்குள் நுழைந்ததும் தோளைத் தட்டி ஒன்று கேட்டான். நான் செய்யவில்லை, நேராக வீட்டு வாசலில் இறக்கிவிட்டேன். முறைத்துக்கொண்டு போனவன், அதோடு என்னிடம் பேசுவதில்லை. கடைசியாகக் கேட்டது இதுதான்:

"டேய் மிலுட்டின், ஜிவோட்டா கடையில நிறுத்து. அன்னிக்கு வலதுபக்கம் சொடுக்காமலே எந்திரிச்சு வந்துட்டேன்."