லாரியில் கேட்ட இரண்டாம் குரல்

மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது அவள் வேலை. ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் போட்டுக்கொள்பவருக்குத் தலைவலி வந்துவிடும். அந்தப் பிடிவாதம் பாட்டிலும் இருந்தது. வீட்டின் பின்னறைச் சுவர்களில் போர்வைகளைத் தொங்கவிட்டு, அலமாரிக் கதவுகளுக்கு நடுவே மைக்கை நிறுத்தி, விடுமுறை நாட்களில் தானே கட்டிய பாட்டுகளைப் பதிவு செய்வாள். ஃபிரிட்ஜின் உறுமல் மைக்கில் விழுகிறதென்று அதை அணைத்துவிட்டுப் பாடப் போவாள். திரும்பப் போட மறந்து இரண்டு முறை பால் திரிந்துபோனது.

முதல் குரலைப் பாடி முடித்து, அதன் கீழே இழையும் இரண்டாம் குரலையும் அவளே பாடுவாள். கீபோர்டும் அவள்தான். தனித்தனியாகப் பதிந்ததையெல்லாம் கலந்து ஒரே கோப்பாக இறக்குவதற்கு மிக்ஸ் டவுன் என்று பெயர். அந்தக் கோப்பு எந்த வடிவில் இருக்க வேண்டும் என்பதில் அவளுக்கும், கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் தம்பிக்கும் ஓயாத வழக்கு.

“வேவ்ல எறக்குக்கா. எம்பி3ன்னா ஓரஞ்சாரத்தையெல்லாம் நறுக்கிடும்.”

“ஒன் மாமா ஓட்டற லாரியில இருக்கற செட்டு வேவ்னாலே வாயத் தொறக்க மாட்டேங்குதேடா.”

கடைசியில் பத்திரப்படுத்த வேவ், லாரிக்கு எம்பி3 என்று முடிவானது. இரண்டும் ஸ்டீரியோ, இடம் வலம் என்று இரு ஸ்பீக்கருக்கும் தனித்தனி ஒலி. முதல் குரலை முழுக்க இடப்பக்கமும், இரண்டாம் குரலை முழுக்க வலப்பக்கமும் ஒதுக்கினாள். ஹெட்போனில் கேட்டபோது அவளுக்கே உடம்பு சிலிர்த்தது.

கணவர் நெடுந்தூர லாரி ஓட்டுபவர். மாதத்தில் பாதி நாள் ரோட்டில்தான். பென் டிரைவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போவார்; திரும்பி வந்ததும் “நல்லா இருந்துச்சு” என்பார். சாப்பாட்டுக்கும் அதையேதான் சொல்வார் என்பதால் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

ஒரு ஞாயிறு காலை அவர் குளியலறையில் பாடுவது கேட்டது. அவளுடைய பாட்டுதான். வரிகள் சரி, மெட்டு மட்டும் எங்கோ இடித்தது. ஏற வேண்டிய இடத்தில் இறங்கியது. காதைத் தீட்டிக் கேட்டவள் அப்படியே நின்றுவிட்டாள். அவர் தப்பாகப் பாடவில்லை. இரண்டாம் குரலை, சுருதி பிசகாமல் பாடிக்கொண்டிருந்தார்.

துண்டோடு வெளியே வந்தவரை மறித்தாள்.

“ஏங்க, லாரியில ஸ்பீக்கர் ரெண்டும் பாடுதா?”

“இடப்பக்கத்தது செத்து எட்டு மாசமாச்சு. ஏன்?”

“மெயின் பாட்டே அந்தப் பக்கம்தாங்க. நீங்க கேட்டது கூட இழையற பின்பாட்டு.”

அவர் தலை துவட்டுவதை நிறுத்தினார். “பின்பாட்டா? அதுக்கா நான் வண்டிய ஓரங்கட்டிட்டுக் கண்ணத் தொடச்சேன்?”

“எப்ப?”

“ஒரு நாள் மழையில. சரி, விடு.”

ஹெட்போனை அவர் தலையில் மாட்டி முழுப் பாட்டையும் போட்டாள். கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் வழக்கமான பதில் வரவில்லை. “இங்க நீ ஒருத்தியே ரெண்டு பேரா பாடிட்டிருக்கியா?” என்றார்.

“வேற யாரு இருக்கா?”

சொன்ன பிறகுதான் அது குத்தலாக விழுந்துவிட்டதோ என்று அவளுக்குப் பட்டது. அவர் துண்டைக் கொடியில் போட்டார். சட்டையை மாட்டிக்கொண்டு பின்னறைக்குள் போனார். “எனக்குத்தான் அந்தப் பின்பாட்டு மனப்பாடமாச்சே. மைக்கப் போடு.”

மூன்று முறை தப்பான இடத்தில் நுழைந்தார். நான்காவது முறை இருவர் குரலும் சேர்ந்தன. நடுவில் அவருடைய செருமல் ஒன்று விழுந்திருந்தது. அவள் அதை வெட்டவில்லை. எந்த ஸ்பீக்கரில் போட்டாலும் இரண்டு குரலும் ஒன்றாக வரும்படி, இந்த முறை மோனோவில் இறக்கினாள்.

தம்பி போனில் புலம்பினான். “மோனோவா? இடம் வலம்னு அகலமே இருக்காதேக்கா!”

“இல்லாட்டிப் போகுது. நாங்க நெருங்கி உக்காந்துக்கறோம்.”

செவ்வாய்க்கிழமை லாரி கிளம்பியது. மறுநாள் மதியம் எங்கோ ஓரங்கட்டிவிட்டு அவர் அழைத்தார்.

“அடுத்த பாட்டு எப்ப?”

“நீங்க வந்தாத்தான்.”

“அப்ப வெள்ளிக்கிழமை” என்றார்.