கல் படிக்கப் போன ஊர்

கும்பகோணத்தில் எனக்கு ஆறு காட்டுவதாகச் சொல்லி அழைத்துப் போனார்கள். அக்காவுக்குக் கல்லூரி காட்டுவதாக. இரண்டு பேரையும் ஏமாற்றினார்கள் என்று சொல்லிவிட்டால் கதை சுலபமாக முடிந்துவிடும். ஆனால் ஆறும் அங்கே இருந்தது, கல்லூரியும் இருந்தது. அதனால் அப்பா பொய் சொன்னார் என்று இன்றுவரை என்னால் நிரூபிக்க முடியவில்லை.

எனக்கு அப்போது எட்டு வயது. அக்கா பிளஸ் டூ முடித்து மார்க்கும் வந்திருந்த நேரம். அவளுக்குக் கல் பைத்தியம். அம்மா மீன் வாங்க வைத்திக்குப்பம் கடற்கரைக்குப் போனால் எங்களையும் இழுத்துக்கொண்டு போவாள். அம்மா பேரம் பேசி முடிப்பதற்குள் அக்கா, கடல் அரிக்காமல் இருக்கக் கொட்டிவைத்த பாறைகளின் மேல் ஏறி நின்று, இதெல்லாம் திண்டிவனம் பக்கத்துக் குவாரிக் கல், நம் ஊருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று எனக்கு வகுப்பெடுப்பாள். எங்கள் வீட்டு ஜன்னல் விளிம்பு முழுக்கக் கல். அம்மா திட்டிக்கொண்டே அவற்றை எடுத்துவைத்துத் துடைப்பாள். எறிந்ததில்லை.

ஜியாலஜி படிக்க வேண்டும் என்றாள் அக்கா. அவள் மார்க்குக்கு இடம் கிடைக்கும் என்று டீச்சர் சொன்ன கல்லூரி கும்பகோணத்தில் இருந்தது. ஆற்றங்கரையில் பழைய காலத்துக் கட்டிடமாம். அங்கே மூன்று வருடம், அப்புறம் காலாப்பட்டில் பல்கலைக்கழகம், அதற்கு வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய்வரலாம் என்று திட்டமெல்லாம் தயாராக வைத்திருந்தாள். அப்பா சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். சிரித்த முகம். எதற்கும் முடியாது என்று சொல்ல மாட்டார், பார்க்கலாம் என்பார். அவர் பார்க்கலாம் என்றால் முடியாது என்று எங்களுக்குத் தெரியும். அந்த முறை மட்டும், "சரி, ஒரு நட போய்ப் பாத்துட்டு வருவோம்" என்றார். அன்றைக்குப் பாத்திரம் முழுவதையும் அக்காவே பாட்டுப் பாடிக்கொண்டு கழுவினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கிளம்பினோம். அதிலேயே அக்காவுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். காய்ச்சலில் கிடந்த என்னைப் போர்வையோடு தூக்கிக்கொண்டு மாதா கோயில் ஞாயிறு பூசைக்குப் போனவள் எங்கள் அம்மா. அவள் பூசையை விட்டுவிட்டு பஸ் ஏறுகிறாள் என்றால் விஷயம் சாதாரணமாக இருக்க முடியாது. எனக்கோ அன்றைக்கு ஞானோபதேச வகுப்பு இல்லை என்ற சந்தோஷம். ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் திறந்திருக்குமா என்று அக்கா கேட்கத்தான் செய்தாள். அட்மிஷன் நேரத்தில் கிழமையெல்லாம் பார்க்க மாட்டார்கள் என்றார் அப்பா.

கடலூர், சிதம்பரம் என்று பஸ் போய்க்கொண்டே இருந்தது. அம்மா ஒரு பையை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்தபடி வந்தாள். மேலே வைக்கிறேன் என்று கண்டக்டர் கேட்டும் கொடுக்கவில்லை. ஆற்றில் குளித்துவிட்டு மாற்றிக்கொள்ள என்னுடைய கவுனும் துண்டும் அந்தப் பையில்தான் இருந்தன. என் கவுனை இவ்வளவு பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறாளே என்று நினைத்தேன்.

காவிரியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. கரையிலிருந்து கரைவரை மணல், நடுவில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். நான் அழுதேன். "ஆறு இங்கதான இருக்குது, எங்கயும் ஓடிப் போயிடலியே" என்றார் அப்பா. அவருடைய கிண்டலுக்கு எப்போதும் முதலில் சிரிப்பவள் அக்காதான். அப்போதும் சிரித்தாள்.

பாலத்தைத் தாண்டினால் கல்லூரி. கேட் பூட்டியிருந்தது. நாளைக்கு வாருங்கள் என்று வாட்ச்மேன் உள்ளேயிருந்தே சொன்னார். அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். பெரிய மரங்கள், நீள வராந்தா. அந்தக் கோடியில் தெரிவதுதான் லேபாக இருக்கும் என்று எனக்குக் காட்டினாள். அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, இங்கே ஒரு தெரிந்தவர் வீடு இருக்கிறது, சாப்பிட்டுவிட்டு யோசிக்கலாம் என்றார்.

தெரிந்தவர் வீட்டு முன்பக்கம் கிரானைட் கடை. கூடத்தில் திருஇருதய ஆண்டவர் படம், அதன் கீழ் சிவப்பு விளக்கு. ஒரு மத்தியானச் சாப்பாட்டுக்கு அத்தனை பேர் கூடியிருப்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எங்களை ஓர் அறைக்குள் அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள். அம்மா பையைத் திறந்தாள். என் கவுனுக்கு அடியில் அவளுடைய மாம்பழ நிறப் பட்டுப்புடவை இருந்தது.

அக்கா புடவையையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இதுக்குத்தான் ஞாயித்துக்கெழம வந்தோமா?"

அம்மா நிமிரவில்லை. புடவையை உதறிக்கொண்டே, "அப்பா வாக்கு குடுத்துட்டாருடி. நல்ல எடம்" என்றாள். அக்கா சண்டை போடுவாள் என்று நான் காத்திருந்தேன். அவள் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றாள், அம்மா கட்டிவிட்டாள்.

மாப்பிள்ளையைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அன்றைக்கு எங்களைவிட அதிகமாக வியர்த்தது அவருக்குத்தான். எனக்கு இரண்டாவது ஜாங்கிரியை யாருக்கும் தெரியாமல் வைத்தார். இலையில் உட்கார்ந்து அப்பா சத்தமாகச் சொன்னார்: "எம் பொண்ணுக்குக் கல்லுன்னா உசுரு. உங்களுது கல்லுக் கட. இத வுடப் பொருத்தம் என்னாங்க வேணும்?" கூடமே சிரித்தது. அப்பா வேடிக்கைக்குச் சொல்லவில்லை. மகள் ஆசைப்பட்டதையும் கொடுத்து அவளைக் கரையும் ஏற்றிவிட்டதாக மனதார நம்பினார். அதை நினைத்தால்தான் எனக்கு இப்போதும் துக்கமாக இருக்கிறது. அவர் கெட்டவராக இருந்திருந்தால் கோபப்பட்டுவிட்டுப் போயிருக்கலாம்.

பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. பாப்பாவுக்கு ஆறு காட்டுவதாக வாக்குக் கொடுத்தோமே என்று அக்கா எழுந்தாள். பட்டுப்புடவையோடு, செருப்பைப் படியில் கழற்றிவிட்டு, என்னை மணலில் நடத்திக்கொண்டு போனாள். கிரிக்கெட் பையன்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். நடு ஆற்றில் உட்கார்ந்து ஒரு கைப்பிடி மணலை அள்ளி என் உள்ளங்கையில் கொட்டினாள். இதெல்லாம் எங்கேயோ மேற்கே மலையில் பாறையாக இருந்தது, உருண்டு உருண்டு வந்து இப்படி ஆகிவிட்டது என்றாள். எனக்கு மணலில் அக்கறை இல்லை.

"எப்பக்கா தண்ணி வரும்?"

"அண தெறந்தா வரும்."

"அப்ப நம்ம திரும்ப வருவமா?"

"நான் இங்கதான் இருப்பேன். நீ வந்து பாரு."

எனக்குத் தலைகால் புரியவில்லை. அக்கா கல்லூரியில் சேரப்போகிறாள்! கல்யாணமும் இந்த ஊரில், கல்லூரியும் இந்த ஊரில், பாலத்தைத் தாண்டினால் போதும். பெரியவர்கள் எவ்வளவு யோசித்து ஏற்பாடு செய்திருக்கிறார்கள் என்று வியந்தேன். ஊருக்கு வந்ததும் தெருவில் எல்லோரிடமும் அப்படியே சொன்னேன். யாரும் என்னைத் திருத்தவில்லை. பிறகு தண்ணீர் வந்தது, நானும் பல முறை போனேன், ஆசை தீரக் குளித்தேன். அக்கா கைக்குழந்தையோடு படியில் உட்கார்ந்து என் துண்டை வைத்துக்கொண்டிருப்பாள். எதிர்க்கரையில் கல்லூரி மணி அடிக்கும்.

கல்யாணத்துக்கு முன்னால் எங்கள் கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகளுக்கும் இன்னார் மகனுக்கும் திருமணம் நடக்க இருக்கிறது, இதற்குத் தடை இருப்பதாக யாருக்காவது தெரிந்தால் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்க வேண்டும் என்று. அக்காவின் பெயர் மைக்கில் வந்தபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. தடை என்றால் என்ன என்று அம்மாவின் காதில் கேட்டேன். ஏற்கெனவே கல்யாணம் ஆகியிருப்பது, நெருங்கின ரத்த சொந்தமாக இருப்பது, அந்த மாதிரி என்றாள். யோசித்துப் பார்த்தேன். அக்காவுக்கு அப்படி ஒன்றும் இல்லை.

வாசித்து முடித்ததும் சாமியார் தாளை மடித்து வைக்கக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொள்வார். கோயிலில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கும். அந்த நேரத்தில் அக்கா தலையைத் திருப்பி, நடைபாதைக்கு அந்தப் பக்கம் ஆண்கள் உட்கார்ந்திருக்கும் வரிசையைப் பார்ப்பாள். முதல் ஞாயிறும் பார்த்தாள், இரண்டாம் ஞாயிறும் பார்த்தாள். மூன்றாம் ஞாயிறு நான் கண்டுபிடித்துவிட்டேன். அவள் விலாவில் இடித்து, "மாப்ளயத் தேடுறியா? அவுரு கும்பகோணத்துல இல்ல இருக்காரு" என்றேன்.

அக்கா அந்தப் பக்கத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவள் பார்த்த பக்கம் நானும் எட்டிப் பார்த்தேன். அங்கே மாப்பிள்ளை இல்லை. அப்பாதான் உட்கார்ந்திருந்தார், குனிந்தபடி, பாட்டுப் புத்தகத்தில் அடுத்த பாட்டைத் தேடிக்கொண்டு. பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்று நான் முன்பக்கம் திரும்பிக்கொண்டேன்.