அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்

விபத்து வழக்கு நடத்தும் வக்கீலிடம் குமாஸ்தாவாக இருப்பவன் பாதி டாக்டர், பாதி போலீஸ். சம்பளம் மட்டும்தான் குமாஸ்தாவுடையது.

வண்டியிலிருந்து விழுந்து, கட்டுப் போட்டுக்கொண்டு, இன்சூரன்ஸ் பணத்துக்காக கோர்ட் வராண்டாவில் காத்துக் கிடந்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்கு அந்த வராண்டாவைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. நான் எட்டாவது வரை படித்தவன். கள்ளக்குறிச்சியில் ஒரே வக்கீலிடம் இருபத்தாறு வருஷம் இருந்தேன். ஜெயித்த வழக்குகள் பல மறந்துவிட்டன. மலையிலிருந்து வந்த பச்சையம்மாளின் வழக்கு மட்டும் மறக்கவில்லை.

வூட்டுப் பையன்

பச்சையம்மாளுக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஊர். கணவர் இல்லை, பிள்ளை இல்லை. ஒரு தம்பி, கோவிந்தன். அவன் தன் மோட்டார் சைக்கிளில் அக்காவைப் பின்னால் உட்கார வைத்து, முன்னால் ஒரு புளி மூட்டையையும் வைத்துக்கொண்டு சந்தைக்கு இறங்கியிருக்கிறான். மழை பெய்து விட்ட நேரம். கொண்டை ஊசி வளைவில் வண்டி சாய்ந்து அக்காவின் வலது கால்மேல் விழுந்தது.

எனக்குப் பெண்களின் முகம் பார்த்துப் பேசக் கூச்சம். குனிந்துகொண்டே கேள்வி கேட்பேன். அதனால் அந்த அம்மாவின் முகத்தைவிட அந்தக் காலைத்தான் எனக்கு நன்றாகத் தெரியும். முழங்காலுக்குக் கீழே எலும்பு கோணலாகக் கூடி, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. முதலில் நாட்டுக் கட்டு கட்டியிருக்கிறார்கள். பிறகுதான் சேலத்தில் ஒரு டாக்டரிடம் போயிருக்கிறார்கள். மறுபடி எலும்பை உடைத்து, நேராக்கி, கம்பி வைத்தால்தான் மலைப்பாதையில் நடக்க முடியும் என்று அவர் சொல்லிவிட்டார். அந்த ஆபரேஷனுக்கு அவர்களிடம் வழியில்லை. இன்சூரன்ஸ் கம்பெனி கொடுத்தால்தான் உண்டு.

இத்தனை வாரமாகப் போலீசில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அந்த அம்மாவுக்கு என் கேள்வியே விளங்கவில்லை.

"போலீசுக்கு இன்னாத்துக்குங்க? தள்ளினவன் எங்க வூட்டுப் பையனாச்சே."

மனுவில் ஒரு வரி

எங்கள் வக்கீல் பொறுமைசாலி. பின்னால் உட்கார்ந்து வந்தவருக்கு முழு நஷ்டஈடு வேண்டுமானால், ஓட்டியவர்மேல் தப்பு என்று காட்டியாக வேண்டும் என்று இருவருக்கும் விளக்கினார். பணம் கொடுக்கப்போவது தம்பி அல்ல, கம்பெனி என்றும் இரண்டு தடவை சொன்னார். கோவிந்தன் உடனே தலையாட்டினான். அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மனுவை டைப் அடித்தவன் நான்தான். இந்த மாதிரி மனுக்களில் ஒரு வரி கட்டாயம் வரும்: 'மேற்படி வாகனத்தை அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து'. பேப்பரில் நீங்களும் படித்திருப்பீர்கள். எந்த வண்டி எங்கே மோதினாலும் அதே வரிதான். கைநாட்டு வாங்குவதற்கு முன் படித்துக் காட்டுவது என் வழக்கம். அந்த வரி வந்ததும் அந்த அம்மா கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். அஜாக்கிரதை என்றால் என்ன என்று கேட்டார். கவனம் இல்லாமல் என்றேன். அக்காவை உட்கார வைத்துக்கொண்டு தம்பி அப்படி ஓட்டுவானா என்று என்னையே திருப்பிக் கேட்டார். மைப்பெட்டியை அக்காவின் பக்கம் நகர்த்தியது தம்பிதான்.

"வையிக்கா. எழுத்துல கீறதுதானே? என் மேல ஒட்டிக்கவா போவுது?"

குத்தவாளி

தாமதமாகத்தான் என்றாலும், கோவிந்தன் தானே போய்ச் சொல்ல, போலீசில் புகார் பதிவானது. அவன்மேலேயே கேஸ். அவன் மாஜிஸ்டிரேட் முன்னால் போய்க் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினான். அபராதம் கட்டிவிட்டு வெளியே வருகிறவர்களின் முகத்தை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எல்லோரும் தரையைப் பார்த்தபடிதான் வருவார்கள். இவன் கல்யாணத்துக்கு நாள் குறித்துவிட்டு வருகிறவன் மாதிரி வந்தான். ரசீதை இரண்டு கையாலும் நீட்டினான்.

"இப்ப நான் குத்தவாளிதானுங்க? அக்கா காலுக்குப் பணம் வந்துரும் இல்லீங்க?"

மலைக்குப் போன ஆள்

அக்கா தம்பி வழக்கு என்றால் கம்பெனிக்குச் சந்தேகம் வரும். இருவரும் சேர்ந்து பணம் பறிக்கிறார்களோ என்று பார்க்க விசாரணைக்கு ஒரு ஆளை அனுப்பினார்கள். பேண்ட் முழுக்கச் செம்மண்ணோடு மலையிலிருந்து இறங்கியவர், பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் எங்கள் ஆபீஸில் டீ குடித்தார். அவர் மூலமாகத்தான் எங்களுக்கே விஷயம் தெரிந்தது.

விழுந்த மறுவாரமே ஊர்க்கூட்டம் போட்டிருக்கிறார்கள். கோவிந்தன் எழுந்து நின்று, தப்பு என்னுது என்றிருக்கிறான். அவனுக்குத் தண்டம் போட்டார்கள், கட்டினான். பிறகு பெரியவர்கள் முன்னால் அக்காவும் தம்பியும் ஒரே சொம்பில் தண்ணீர் குடித்தார்கள். அந்த ஊரில் அப்படிக் குடித்துவிட்டால் அந்தப் பேச்சு முடிந்தது. தப்பு செய்தவன் தானே சொல்லிக்கொண்டால் உண்டு, மற்றபடி யார்மேல் தப்பு என்று பிறகு எவரும் பேச்செடுக்கக் கூடாது; பாதிக்கப்பட்டவர் எடுக்கவே கூடாது. எடுத்தால் குடித்த தண்ணீரைத் துப்பியதாக அர்த்தம். கம்பெனி ஆள் வீடு வீடாகக் கேட்டும் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"வீட்டுக்கு வீடு தேன் குடுத்தாங்க சார், சாமைச் சோறு போட்டாங்க. விபத்தைப் பத்திக் கேட்டா மட்டும் எழுந்து ஆடு கட்டப் போயிடுறாங்க."

கூண்டு

விசாரணை நாளன்று காலையில் வக்கீல் அந்த அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார். நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம், தம்பி வேகமாக ஓட்டினாரா என்று கேட்டால் ஆமாம் என்று மட்டும் சொல்லுங்கள், போதும். "செரிங்க" என்றார் அந்த அம்மா. அவர் சரி என்றது வக்கீலின் மரியாதைக்காக என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

கூண்டில் ஏற இரண்டு படி. தம்பிதான் தோள் கொடுத்து ஏற்றிவிட்டான். கம்பெனி வக்கீல் அதட்டவில்லை, மடக்கவில்லை. மழையில் வழுக்கியதுதானே, தம்பி மெதுவாகத்தானே ஓட்டினார் என்று மிக அன்பாகக் கேட்டார். அந்த அம்மா பதில் சொல்லவில்லை. எங்கள் வக்கீல் கேட்டார், அதற்கும் பதில் இல்லை. கடைசியில் ஜட்ஜே பேனாவை வைத்துவிட்டு, யார்மேல் தப்பு என்று நீங்களே சொல்லுங்கள் அம்மா என்றார். வாசல் பக்கத்தில் நின்ற கோவிந்தன் சத்தம் வராமல் வாயை மட்டும் அசைத்தான்: சொல்லுக்கா, சொல்லுக்கா.

அவர் தம்பியைப் பார்க்கவே இல்லை. ஜட்ஜைப் பார்த்துக் கும்பிட்டார்.

"மனுவுல கீறது வக்கீல் ஐயா பேச்சுங்க, அதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. என் வாயால தம்பி மேல குத்தம்னு வராதுங்க ஐயா. அவன்கூடத் தண்ணி குடிச்சிட்டேன்."

மேல்கோர்ட்

யார்மேல் தப்பு என்று பார்க்காமல் கொடுக்கும் சின்னத் தொகை ஒன்று சட்டத்தில் உண்டு. அதைத்தான் கொடுத்தார்கள். பஸ்ஸுக்கும் மாத்திரைக்கும் வாங்கிய கடனுக்குச் சரியாகப் போனது. ஆபரேஷன் பேச்சு அதோடு நின்றது. அக்கா சொன்னதோடு வைத்துப் பார்த்தால், தம்பி குற்றத்தை ஒப்புக்கொண்டது நம்பும்படி இல்லை என்று தீர்ப்பில் எழுதியிருந்தது.

மேல்கோர்ட்டுக்குப் போகலாம் என்றார் வக்கீல். அங்கேயும் அதே கேள்விதானே கேட்பார்கள் என்று அந்த அம்மா எழுந்துவிட்டார். கோவிந்தன் மட்டும் கோர்ட் படியிலேயே உட்கார்ந்திருந்தான். எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. பக்கத்தில் போய் நின்றேன், அவ்வளவுதான். அவன் தீர்ப்பு நகலை மடித்து மடித்து விரல் அகலத்துக்குக் கொண்டுவந்துவிட்டான்.

"ஊர்ல தப்பு என்னுதுன்னேன், நம்பினாங்க. போலீசும் நம்பிச்சு. அக்காவுக்கு ஒதவுற எடத்துல மட்டும் நம்பலீங்களே."

பஸ் ஸ்டாண்டில்

ஐந்தாறு வருஷம் கழித்து, கச்சிராயபாளையம் பஸ் நிற்கும் இடத்தில் இருவரையும் பார்த்தேன். அந்த அம்மா கோல் ஊன்றியிருந்தார். தலையில் மூட்டையோடு தம்பி, அக்காவைத் தாண்டிவிடாமல் அளந்து அளந்து நடந்து வந்தான். வண்டியை அப்போதே விற்றுவிட்டானாம். அவன் டிக்கெட்டுக்குச் சில்லறை மாற்றப் போனான். என்ன பேசுவது என்று தெரியாமல், கால் எப்படி இருக்கிறது என்று வழக்கம்போலக் காலைப் பார்த்தே கேட்டேன். தம்பி தூரத்தில் இருக்கிறானா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"நேரா ஆயிருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும். அவன் வர்றான், நீங்க ஒண்ணும் கேக்காதீங்க."

லைசென்ஸ் இல்லாத டிரைவரையும் சாட்சி இல்லாத விபத்தையும் எப்படியாவது கரைசேர்த்துவிடும் எங்கள் தொழிலில், மனஸ்தாபம் இல்லாத அக்கா தம்பியை வைத்துக்கொண்டு மட்டும் ஒன்றும் செய்ய முடிவதில்லை.